கடிகாரத்தில் ஒரு கூடு

துக்குமானில் ஜூன் மாதக் குளிர்.
முதலாளி போன இரவு
என் எடைமேடையை இரண்டு லாரிகள் கடந்தன.
வெளியே: பதினெட்டு டன் என்று எழுதினேன்.
என்னவென்று கேட்கவில்லை.
சாறு பிழியும் இயந்திரத்தில் பாதி
அந்தப் பதினெட்டுக்குள் இருந்தது
விடிந்த பிறகுதான் தெரிந்தது.

நூற்றுப் பதினோரு பேர் வாசலில் படுத்தோம்.
எலுமிச்சைப் பெட்டிகளை எரித்துக் குளிர் காய்ந்தோம்.
நாலு மாதச் சம்பளம் பாக்கி.

ஆறாம் நாள் பூட்டை உடைத்து உள்ளே போனால்
அட்டை அடிக்கும் கடிகாரத்தின் வாயருகே
ஒரு புழு
தன் இடுப்பைச் சுற்றி நூல் கட்டிக்கொண்டிருந்தது.
எங்கள் பக்கம் அதற்கு ஆரஞ்சுமர நாய் என்று பெயர்.
பார்க்கப் பறவை எச்சம்.
தின்பது ஒன்றே தொழில்.
தின்று, தோல் போதாமல் உரித்து,
மறுபடி தின்று,
மொட்டைக் கிளையைத் திரும்பியும் பாராமல்
அடுத்த கிளைக்குப் போகும்.
அப்படி ஒருவரிடம்தான்
பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன்.

மறுநாள் அது ஒரு காய்ந்த குச்சி.

உள்ளே என்னதான் நடக்கிறது என்று
சுலேமா தோட்டத்திலிருந்து இன்னொன்றைப் பறித்து வந்து
எலுமிச்சை அறுக்கும் கத்தியால் பிளந்தாள்.
புழு இல்லை. இறகும் இல்லை.
மஞ்சள் கூழ்.
"செத்துப்போச்சா?" என்றான் லியோன்சியோ.
"இப்பத்தான்" என்றாள்.
கத்தியை நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு யாரும் கடிகாரத்தைத் தொடவில்லை.
அட்டை அடிக்க வழியில்லை;
வந்தவர்கள் வந்தோம் என்றார்கள். நம்பினோம்.
இரண்டு பேர் பொய் சொன்னார்கள்.
உட்காரவைத்துப் பேசினோம்.
ஒருவன் மாறினான்.

கூட்டங்கள் நள்ளிரவு வரை நீண்டன.
தலை எது கால் எது என்று தெரியாத கூட்டங்கள்.
மின்சாரத்தை வெட்டினார்கள்.
நீதிபதியின் கடிதத்தை மூன்று பேர்
மூன்று விதமாகப் படித்தார்கள்.
பாய்லர் ஓட்டும் அன்செல்மோ எழுந்தான்:
"தரை துடைக்கிறவளுக்கும் எனக்கும் ஒரே கூலியா?"
தவறான கேள்வி இல்லை.
எங்களிடம் பதில் முளைக்குமுன்
அவன் போய்விட்டான்.
மூன்று வாரம் பாய்லரைப்
பாம்பைத் தொடுவதுபோல் தொட்டோம்.

எங்களிடம் ஒரு பால்பவுடர் டப்பா உண்டு.
யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால்
மேலாளர் கண்ணில் படாமல் சுற்றி வரும்.
யார் எவ்வளவு போட்டார்கள் என்று
எடைபோடுவதே பிழைப்பாகக் கொண்ட நானும்
பார்த்ததில்லை.
முதல் சரக்கு விற்ற பணத்தை
அந்த டப்பாவிலிருந்துதான் பிரித்தோம்.
கல்லாப்பெட்டியை அவர் கொண்டுபோயிருந்தார்.

இறகுக்கான சின்னஞ்சிறு தட்டுகள்
புழுவுக்குள் முதலிலிருந்தே மடிந்து கிடக்குமாம்.
சுலேமாவின் மகள் படித்துச் சொன்னாள்.
தின்கிற காலமெல்லாம்
அவற்றால் ஒரு பயனும் இல்லையாம்.

செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
குச்சி வெடித்தது.
வந்தது அழகாக இல்லை.
கசக்கி எறிந்த ரசீதுபோல் இரண்டு ஈரத் துண்டுகள்,
நடுவில் நடுங்கும் வயிறு.
பழுப்பு நீர் ஒரு சொட்டு
கீழே அடுக்கில் இருந்த அன்செல்மோவின் அட்டையில் விழுந்தது.
பெல்ட்டின் அதிர்வில் அது கீழே விழுமோ என்று
யாரோ பெல்ட்டை நிறுத்தினார்கள்.
ஒரு மணி நேரம் பத்து நிமிடம்.
பழைய பதிவேட்டில் இதற்கு நஷ்டம் என்று ஒரு பத்தி உண்டு.
நான் அந்தப் பத்தியைக் காலியாக விட்டேன்.

எப்போது பறந்தது என்று தெரியாது.
அந்த நேரம் ஒரு லாரி வந்துவிட்டது.

இப்போது அக்டோபர்.
வேலியோர எலுமிச்சை இலைகளில்
கால் முளைத்த பறவை எச்சங்கள்.
"மருந்தடிக்கணும், மரம் நம்முடையது" என்கிறான் லியோன்சியோ.
"நம்முடையது என்பதால்தான் யோசிக்கணும்" என்கிறாள் சுலேமா.
இருவரும் என்னைப் பார்க்கிறார்கள்,
எடை போடுகிறவள் என்பதால்.
வியாழக்கிழமைக் கூட்டத்தில் வையுங்கள் என்றேன்.

பட்டியலில் அது ஏழாவது.
நாலாவது,
அன்செல்மோவின் கடிதம்.